சாமி சொத்தை விற்க அறங்காவலருக்கு உரிமை உண்டா? திருப்பதி கற்றுத் தரும் டிரஸ்ட் சட்டம்

2020 மே மாதம். கொரோனா ஊரடங்கால் திருமலைக் கோயில் பக்தர்களுக்கு மூடிக் கிடந்த நேரம். திருமலை திருப்பதி தேவஸ்தானம் தன்னிடமுள்ள 50 அசையாச் சொத்துகளை ஏலம் விடப் போகிறது என்ற செய்தி வெளியானது. அதில் 26 ஆந்திராவில், 23 தமிழ்நாட்டில், ஒன்று ரிஷிகேஷில். எல்லாமே பக்தர்கள் காணிக்கையாக எழுதிக் கொடுத்த சின்னச் சின்ன வீடுகள், மனைகள், துண்டு நிலங்கள். பராமரிக்கக் கட்டுப்படியாகவில்லை, ஆக்கிரமிப்பு அபாயம் இருக்கிறது, விற்றுவிடலாம் என்பது நிர்வாகத்தின் கணக்கு. எதிர்பார்த்த மொத்தத் தொகை சுமார் 24 கோடி ரூபாய். தேவஸ்தானத்தின் அளவுக்கு அது ஒண்ணுமே இல்லை.

ஆனாலும் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. மே 25 அன்று ஆந்திர அரசு ஏலத்தை நிறுத்தி வைத்தது. மே 28 அன்று கூடிய அறங்காவலர் குழு, ஏலத்தைக் கைவிட்டதோடு, காணிக்கையாக வந்த சொத்துகளை இனி விற்பதே இல்லை என்றும் தீர்மானம் போட்டது.

இதை அரசியல் சண்டையாக மட்டும் பார்த்துவிட்டுப் போகலாம். அன்று டிவி விவாதங்களும் அப்படித்தான் போயின. ஆனால் அடியில் ஒரு நல்ல சட்டக் கேள்வி இருந்தது. அடுத்தவருடைய சொத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இருப்பவர், அதை என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது? இந்தக் கேள்வி கோயிலோடு முடிவதில்லை. அப்பாவின் வங்கிக் கணக்கில் நாமினியாக உங்கள் பெயர் இருந்தால், அப்பார்ட்மென்ட் சங்கத்துக்கு நீங்கள் பொருளாளராக இருந்தால், ஸ்டார்ட்அப் ஒன்றில் டைரக்டராக இருந்தால், இதே கேள்வி உங்கள் மேலும் பாயும்.

டிரஸ்ட் என்றால் என்ன?

சுருக்கமாக இப்படி வச்சுக்கோங்க: சொத்து ஒருவர் கையில், பலன் இன்னொருவருக்கு. 1882-ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்ட் சட்டம், 3-ஆவது பிரிவில் இதைக் கொஞ்சம் நுட்பமாகச் சொல்கிறது. டிரஸ்ட் என்பது சொத்துரிமையோடு ஒட்டிக்கொண்டு வரும் ஒரு கடமை. ஒருவர் வைத்த நம்பிக்கையும், அதை மற்றவர் ஏற்றுக்கொண்டதும்தான் அந்தக் கடமைக்கு ஊற்று.

இந்த யோசனை நவீன வடிவத்தில் வந்தது இங்கிலாந்திலிருந்து. வெளியூர் போகும் நில உடைமையாளர் நண்பரின் பெயருக்கு நிலத்தை மாற்றி, “என் குடும்பத்துக்காகப் பார்த்துக்கோ” என்று சொல்லிவிட்டுப் போவார். நண்பர் ஏமாற்றினால்? சாதாரண நீதிமன்றம் பத்திரத்தில் யார் பெயர் என்று மட்டும் பார்க்கும், நண்பருக்கே நிலம். அப்போது பாதிக்கப்பட்டவர்கள் மன்னரின் சான்சலரிடம் போனார்கள். அவர் பத்திரத்தைத் தாண்டி மனசாட்சியைப் பார்த்தார். “பெயர் உன்னுடையதாக இருக்கட்டும், ஆனால் பலனை அவர்களுக்குக் கொடு” என்றார். அந்த நீதிமுறைக்குத்தான் ஈக்விட்டி என்று பெயர். இந்தியாவில் அதற்கென்று தனி நீதிமன்றம் கிடையாது; அந்தக் கொள்கைகள் சட்டப் பிரிவுகளாக உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டன.

கோயில் மட்டும் ஏன் வேறு?

இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. 1882-ஆம் ஆண்டுச் சட்டம் முதல் பிரிவிலேயே, மத, அறக் கட்டளைகளுக்கு இது பொருந்தாது என்று விலக்கிவிட்டது. அப்படியானால் கோயில் சொத்தைப் பார்த்துக்கொள்பவர் டிரஸ்டியா, இல்லையா?

1921-இல் இந்தக் கேள்வி மதராஸ் மாகாணத்து மடம் ஒன்றின் வழக்காக லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. வித்யா வருதி தீர்த்தர் எதிர் பாலுசாமி ஐயர் என்பது வழக்கின் பெயர். மடாதிபதி ஒருவர் மடத்து நிலத்தை நிரந்தரக் குத்தகைக்குக் கொடுத்திருந்தார். தீர்ப்பை எழுதியவர் சையத் அமீர் அலி. மடாதிபதி ஆங்கிலச் சட்டம் சொல்லும் பொருளில் டிரஸ்டி அல்ல, ஏனென்றால் சொத்து அவர் பெயருக்கு மாறவே இல்லை என்றார் அவர். சொத்து சாமிக்கோ நிறுவனத்துக்கோ உரியது. மடாதிபதி வழக்காறு தரும் சில உரிமைகளோடு அதை நடத்தும் நிர்வாகி. ஆனால் நிர்வாகத்தில் தப்பு செய்தால் பதில் சொல்லும் பொறுப்பு டிரஸ்டிக்கு உள்ளது போலவே அவருக்கும் உண்டு.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1925-இல், கல்கத்தா மல்லிக் குடும்ப வழக்கில் அதே பிரிவி கவுன்சில் இன்னொரு அடி வைத்தது. கோயிலில் பிரதிஷ்டை செய்யப்பட்ட தெய்வம் சட்டத்தின் பார்வையில் ஒரு ‘நபர்’. சொத்து வைத்திருக்கலாம், வழக்குப் போடலாம். ஆனால் தானாகப் பேசவோ கையெழுத்துப் போடவோ முடியாது என்பதால், நீதிமன்றங்கள் தெய்வத்தை மைனர் குழந்தையோடு ஒப்பிடுவது வழக்கமானது.

ஏழுமலையான் சட்டப்படி மைனர் மாதிரி என்று சொன்னால் சிரிப்பு வரலாம். ஆனால் இந்த ஒப்பீட்டுக்குள் பெரிய பாதுகாப்பு இருக்கிறது. பராமரிப்பவரே சொத்துக்கு எதிராக நடந்தால், வேறு யாராவது அந்த ‘குழந்தை’ சார்பில் நீதிமன்றம் போகலாம் இல்லையா? 1967-இல் உச்ச நீதிமன்றம் விஸ்வநாத் எதிர் ராதா வல்லப்ஜி வழக்கில் அதைத்தான் சொன்னது. கோயில் சொத்தை மேலாளரே கைமாற்றிவிட்ட நிலையில், அங்கே கும்பிட வரும் சாதாரண பக்தர் தெய்வத்தின் சார்பாக வழக்குத் தொடரலாம்.

மஹந்துகளின் 90 ஆண்டுகள்

இனி சந்திரகிரிக்கு வருவோம். திருப்பதியிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில், மலையடிவாரக் கோட்டையும் ராஜ மஹாலுமாக இருக்கும் ஊர். விஜயநகர அரசர்களின் கடைசிக் காலத் தலைநகரங்களில் ஒன்று. இங்கிருந்து சீனிவாசமங்காபுரம் பக்கம் போனால் ஸ்ரீவாரி மெட்டு. படியேறித் திருமலைக்கு நடப்பவர்களுக்குத் தெரிந்த பாதை. ஆங்கிலேயர் காலத்தில் திருப்பதியே வடஆற்காடு மாவட்டத்தின் சந்திரகிரி தாலுகாவுக்குள்தான் இருந்தது. சித்தூர் தனி மாவட்டமானது 1911-இல். அதனால் திருப்பதி கோயிலின் பழைய வழக்குகள் எல்லாம் மதராஸ் உயர் நீதிமன்றத்துக் கதைகள்; தமிழ்நாட்டுக் கோயில் சட்டத்தின் கதையும் அதோடு பின்னிக் கிடக்கிறது.

1801-இல் கர்நாடகப் பகுதி கம்பெனி கைக்கு வந்தபோது கோயில் நிர்வாகமும் அவர்களிடம் வந்தது. கிறிஸ்தவ அரசு இந்துக் கோயிலை நடத்துவதா என்று இங்கிலாந்தில் எதிர்ப்பு வலுக்க, 1843-இல் கம்பெனி கையைக் கழுவிக்கொண்டு திருமலை ஹாதிராம்ஜி மடத்தின் தலைவரிடம் பொறுப்பைக் கொடுத்தது. அவருக்கு ‘விசாரணைகர்த்தா’ என்று பெயர். அடுத்த 90 ஆண்டுகள் மடத்து மஹந்துகளே கோயில் நிர்வாகிகள்.

ஒரே ஒருவர் கையில் எல்லாம்; கணக்குக் கேட்க ஆளில்லை. என்ன நடக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம். கொடிமரத்தின் அடியில் புதைத்திருக்க வேண்டிய பொற்காசுகளைப் பற்றி மஹந்து பகவான் தாஸ் மேல் கையாடல் புகார் எழுந்து, அது குற்றவியல் வழக்கானது. கோயிலுக்குள் தோண்டிப் பார்த்துச் சோதனை போட மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டா என்ற சண்டை மதராஸ் உயர் நீதிமன்றம் வரை போய், 1890-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் இடம் பிடித்தது.

பின்னர் பிரயாக் தாஸ் மஹந்தாக இருந்த காலத்தில், கோயிலைச் சேர்ந்தவர்களே சிவில் வழக்கில் இறங்கினார்கள். அவர்கள் பிடித்த ஆயுதம் அன்றைய சிவில் நடைமுறைச் சட்டத்தின் 539-ஆவது பிரிவு. பொது அறக்கட்டளையில் நம்பிக்கை மோசம் நடந்தால், அதில் அக்கறை உள்ளவர்கள் நீதிமன்றத்தை அணுகி நிர்வாகியை நீக்கச் சொல்லலாம், கணக்குக் கேட்கலாம், ‘ஸ்கீம்’ எனப்படும் நிர்வாகத் திட்டம் ஒன்றை வகுக்கச் சொல்லலாம். வழக்கு பிரிவி கவுன்சில் வரை போய் 1907-இல் தீர்ப்பானது. கோயிலை எப்படி நடத்துவது என்பது மஹந்தின் விருப்பத்திலிருந்து நழுவி, நீதிமன்றம் வகுத்த திட்டத்துக்குள் வந்தது. கடைசியில் 1933-இல் மதராஸ் சட்டசபையின் தனிச் சட்டம் மஹந்துகள் காலத்தையே முடித்து வைத்து, தேவஸ்தானம் என்ற அமைப்பை உருவாக்கியது. இன்று அது ஆந்திர அறநிலையச் சட்டம், 1987-இன் கீழ் நடக்கிறது.

அந்த 539-தான் இன்றைய சிவில் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆவது பிரிவு. அக்கறை உள்ள இரண்டு பேர் சேர்ந்து, நீதிமன்றத்தின் அனுமதி பெற்று, ஒரு பொது டிரஸ்ட் மீது வழக்குப் போடலாம். ஊரில் ஒரு கல்வி டிரஸ்ட் பிள்ளைகளுக்கு வந்த நன்கொடையில் நிர்வாகியின் கார் லோனைக் கட்டுகிறது என்று தெரிந்தால், நீங்கள் கையில் எடுக்க வேண்டிய பிரிவு இது. (இந்து அறநிலையச் சட்டங்களின் கீழ் வரும் கோயில்களுக்கு அந்தச் சட்டங்களே தனி வழி வைத்திருக்கின்றன.)

நல்ல விலைக்கு விற்றால்கூட தப்பா?

டிரஸ்டியின் கடமைகளை நீளமாகப் பட்டியல் போடலாம். ஆனால் மற்றதெல்லாம் கிளைவிடும் வேர்கள் இரண்டுதான். ஒன்று கவனம்: 15-ஆவது பிரிவின்படி, சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தச் சொத்தை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்க்க வேண்டும். இரண்டு விசுவாசம்: 51-ஆவது பிரிவின்படி, அந்தச் சொத்திலிருந்து தனக்கென்று எந்த லாபமும் எடுக்கக் கூடாது.

இரண்டாவது எவ்வளவு கறாரானது என்பதற்கு 1726-ஆம் ஆண்டின் ஆங்கில வழக்கு ஒன்று உண்டு: கீச் எதிர் சாண்ட்ஃபோர்ட். லண்டனுக்குப் பக்கத்தில் ராம்ஃபோர்ட் சந்தையின் வசூல் குத்தகை ஒரு சிறுவனுக்காக டிரஸ்டி ஒருவர் கையில் இருந்தது. காலம் முடிந்ததும் சிறுவன் பெயருக்குப் புதுப்பித்துத் தரச் சொல்லிக் கேட்டார். மைனருக்குத் தர முடியாது என்று உரிமையாளர் மறுத்துவிட்டார். சரி, சும்மா போவானேன் என்று டிரஸ்டி தன் பெயருக்கே எடுத்துக்கொண்டார். சிறுவனுக்கு இதில் நஷ்டம் ஏதுமில்லை. அவனுக்கு எப்படியும் கிடைத்திருக்காது. அப்படியிருந்தும் குத்தகையும் அதில் வந்த லாபமும் சிறுவனுக்கே என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. உலகத்திலேயே அந்தக் குத்தகையை எடுக்கக் கூடாத ஒரே ஆள் அந்த டிரஸ்டிதான் என்பது அதன் தர்க்கம். ஏன் இவ்வளவு கடுமை? கொஞ்சம் இடம் கொடுத்தால் ஒவ்வொரு டிரஸ்டியும் “அவங்களுக்குக் கிடைக்கலை, அதான் நான் எடுத்தேன்” என்று வந்து நிற்பார். அது உண்மையா என்று கண்டுபிடிப்பது நடக்காத காரியம்.

இதை வைத்து 2020-ஐப் பாருங்கள். விசுவாசக் கடமையில் யாரும் விரல் நீட்ட வேண்டியதில்லை; பணம் சாமிக்கே போகப் போகிறது. கவனக் கடமையிலும் தேவஸ்தானத்துக்கு ஒரு வாதம் இருந்தது. திருவண்ணாமலையிலோ வேலூரிலோ கிடக்கும் ஒரு துண்டு நிலத்தைக் காக்க வக்கீல் செலவு, வேலிச் செலவு என்று போனால், விற்று டெபாசிட்டில் போடுவதுதான் விவேகம் என்று எந்த ஆடிட்டரும் சொல்வார். 2022-இல் தேவஸ்தானத் தலைவர் அறிவித்த கணக்கின்படி, நாடு முழுவதும் 960 சொத்துகள், 7,123 ஏக்கர், மதிப்பு 85,705 கோடி ரூபாய். இத்தனையையும் காவல் காப்பது விளையாட்டல்ல.

இருந்தாலும் விற்பதை எதிர்த்தவர்கள் பக்கமே நியாயம் கூடுதல் என்று எனக்குப் படுகிறது. டிரஸ்ட் சட்டத்தில் மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார்: கொடுத்தவர். வீட்டை எழுதிக் கொடுத்த பக்தர் பணம் கொடுக்க நினைத்திருந்தால், தானே விற்று உண்டியலில் போட்டிருப்பார். அவர் இடத்தைக் கொடுத்தார். அது ‘கட்டுப்படியாகவில்லை’ என்பது பல நேரம் இத்தனை ஆண்டுகள் பார்த்துக்கொள்ளாததன் விளைவு. பார்த்துக்கொள்ளாததையே விற்கும் காரணமாகக் காட்டுவதில் ஒரு நெருடல் இருக்கிறது. அதே சமயம், இனி ஒருபோதும் விற்பதில்லை என்று கையைக் கட்டிப் போட்டுக்கொண்டதும் முழுச் சரியல்ல. நாளைக்கு உண்மையிலேயே விற்பது சாமிக்கு நல்லது என்ற நிலை வந்தால்? சட்டம் கோயில் நில விற்பனையை முழுசாகத் தடுக்கவில்லை. தேவையைக் காட்டு, முன் அனுமதி வாங்கு, ஊரறியச் செய் என்றுதான் கேட்கிறது.

இது எல்லாம் வெறும் சம்பிரதாயம் இல்லை. கொச்சி தேவஸ்வம் போர்டு வழக்கில் 2007-இல் உச்ச நீதிமன்றம், கோயில் சொத்தைக் காக்க வேண்டியவர்களே அதைக் கபளீகரம் செய்ய உதவுவதைப் பற்றிப் பேசும்போது நம் ஊர்ப் பழமொழியையே எடுத்துக்கொண்டது: வேலியே பயிரை மேய்வது.

திருடிய சொத்துக்கு யார் ‘உரிமையாளர்’?

அண்மைய உதாரணம் ஒன்று. திருமலையில் உண்டியல் காணிக்கையை எண்ணும் இடத்துக்குப் பரகாமணி என்று பெயர். 2023 ஏப்ரலில் அங்கே வேலை பார்த்த ஒருவர் வெளிநாட்டுப் பணத்தை எடுத்ததாகப் பிடிபட்டார். தேவஸ்தானத்தின் விஜிலன்ஸ் அதிகாரி ஒருவர் புகார் கொடுத்தார். செப்டம்பரிலேயே வழக்கு லோக் அதாலத்தில் சமரசமாக முடிந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பிலிருந்து சில சொத்துகள் தேவஸ்தானத்துக்கே எழுதித் தரப்பட்டன. பிறகு விஷயம் ஆந்திர உயர் நீதிமன்றம் போக, 2025-இல் சிஐடி விசாரணைக்கு உத்தரவு வந்தது.

‘போனதைவிட அதிகமாகவே திரும்ப வந்துடுச்சே, அப்புறம் என்ன?’ என்று கேட்கத் தோன்றும். பதில் இதுதான். திருட்டு வழக்கைச் சமரசம் செய்யும் உரிமையைக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் ‘திருடப்பட்ட சொத்தின் உரிமையாளருக்கு’ கொடுத்திருக்கிறது. உண்டியல் காசின் உரிமையாளர் யார்? புகார் கொடுத்த அதிகாரி இல்லை. அவர் பாதுகாவலரின் ஊழியர், அவ்வளவுதான். தன்னுடையது அல்லாததை ‘விட்டுக் கொடுக்கும்’ அதிகாரம் அவருக்கு எங்கிருந்து வரும்? அடுத்து, பொது ஊழியர் செய்யும் நம்பிக்கை மோசடிக்குத் தனிப் பிரிவு உண்டு: பழைய தண்டனைச் சட்டத்தில் 409. ஆயுள் தண்டனை வரை போகலாம். சமரசம் செய்யக்கூடிய குற்றங்களின் பட்டியலில் அது கிடையவே கிடையாது. ஆகவே போலீஸ் எந்தப் பிரிவைப் போட்டது என்பதிலேயே வழக்கின் தலையெழுத்து அடங்கியிருக்கிறது.

இதெல்லாம் உங்களை எங்கே தொடுகிறது?

முதலில் நாமினி. பேங்க் டெபாசிட்டிலும் மியூச்சுவல் ஃபண்டிலும் பெயர் போட்டுவிட்டால் பணம் அவருக்கே என்றுதான் பெரும்பாலான வீடுகளில் நினைக்கிறார்கள். பொதுவாக அது தவறு. நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளும் ஆள்; வாரிசுகளுக்காக வைத்திருப்பவர். 1984-இல் சர்பதி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்ஷூரன்ஸ் பாலிசிக்கு இதைச் சொன்னது. 2023 டிசம்பரில் சக்தி யெஸ்தானி வழக்கில் பங்குகளுக்கும் இதையே உறுதி செய்தது. நடுவே 2015-இல் இன்ஷூரன்ஸ் சட்டம் மட்டும் மாறியது. பெற்றோர், துணைவர், பிள்ளைகள் நாமினியாக இருந்தால் தொகை அவர்களுக்கே சேரும் என்கிறது அது. அது வாரிசுரிமையையும் வெல்லுமா என்பதில் உயர் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. ஆகவே அண்ணன் பெயரில் அப்பா நாமினேஷன் போட்டிருந்தால் அக்காவுக்குப் பங்கு போய்விட்டதாக அர்த்தம் இல்லை. உங்கள் பணம் யாருக்குப் போக வேண்டும் என்பதில் உறுதி இருந்தால் உயில் எழுதுங்கள். நாமினேஷன் அதற்கு மாற்று அல்ல.

கல்யாணமானவர்கள் இன்னொன்றையும் பார்க்கலாம். டேர்ம் இன்ஷூரன்ஸ் ஃபாரத்தில் ‘எம்டபிள்யூபி’ என்று ஒரு கட்டம் இருக்கும். பலரும் டிக் அடிக்காமல் கடந்துவிடுவார்கள். 1874-ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டம், 6-ஆவது பிரிவு. கணவர் தன் உயிர் மீது எடுக்கும் பாலிசியை மனைவி, பிள்ளைகளின் நலனுக்கு என்று குறித்துவிட்டால் அந்த நொடியே அது டிரஸ்ட். நாளைக்கு பிசினஸ் நொடித்துக் கடன்காரர்கள் வந்தாலும் அந்தப் பணத்தில் கை வைக்க முடியாது. பின்னால் மனசு மாறினால் உங்களாலும் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. அதையும் யோசித்துக்கொண்டு டிக் அடியுங்கள்.

பிறகு ஆபீஸ். டிரஸ்ட் சட்டத்தின் 88-ஆவது பிரிவு டிரஸ்டியோடு நிற்பதில்லை. பார்ட்னர், ஏஜென்ட், கம்பெனி டைரக்டர், சட்ட ஆலோசகர், அடுத்தவர் நலனைக் காக்கக் கடமைப்பட்ட வேறு யாரும் அதற்குள் வருவார்கள். அந்தப் பதவியைப் பயன்படுத்திக் கிடைத்த ஆதாயத்தை, யாருக்காக வேலை செய்தாரோ அவருக்கே ஒப்படைக்க வேண்டும். கம்பெனி இடம் வாங்கப் போகிறது என்று மீட்டிங்கில் தெரிந்துகொண்ட டைரக்டர், பக்கத்து மனையை மச்சான் பெயரில் வாங்கிப் போட்டால், “கம்பெனிக்கு ஒண்ணும் நஷ்டமில்லையே” என்ற சமாதானம் செல்லாது. ராம்ஃபோர்ட் சந்தையில் 1726-லேயே அந்தக் கதவு மூடியாயிற்று.

அப்பார்ட்மென்ட் சங்கம், பழைய மாணவர் நிதி, வாட்ஸ்அப்பில் சேர்த்த மருத்துவ உதவி என்று எதுவானாலும், வந்த பணத்தை உங்கள் சம்பளக் கணக்கில் கலக்காதீர்கள். தனிக் கணக்கு தொடங்குங்கள், கேட்டவுடன் கணக்கைக் காட்டுங்கள். கணக்குக் கேட்பது உங்களை அவமதிப்பதற்கு அல்ல. 57-ஆவது பிரிவில் அது பயனாளியின் உரிமையாகவே எழுதப்பட்டிருக்கிறது. உங்களால் முடியாதபோது பொறுப்பை இன்னொருவர் தலையில் சும்மா கட்டிவிடவும் முடியாது. 47-ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது. முறையாக விலகி, முறையாக ஒப்படைக்க வேண்டும்.

கடைசியாகக் காலக்கெடு. சாதாரணக் கடனுக்கு மூன்று ஆண்டு தாண்டினால் வழக்குப் போட முடியாது. ஆனால் காலவரம்புச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு, குறிப்பிட்ட நோக்கத்துக்காக ஒப்படைக்கப்பட்ட டிரஸ்ட் சொத்தை டிரஸ்டியிடமிருந்து மீட்க எந்தக் காலக்கெடுவும் இல்லை என்கிறது. 1921-இல் மடாதிபதி டிரஸ்டி அல்ல என்று பிரிவி கவுன்சில் சொன்னதும், கோயில், மட நிர்வாகிகள் இந்தப் பிரிவிலிருந்து நழுவ ஒரு சந்து கிடைத்தது. 1929-இல் சட்டத் திருத்தம் வந்து அந்தச் சந்தை அடைத்தது: மத, அற நிறுவனச் சொத்தை நிர்வகிப்பவரும் இந்தப் பிரிவுக்கு டிரஸ்டியாகவே கருதப்படுவார். தாத்தா கோயிலுக்கு எழுதி வைத்த நிலம் இன்று நிர்வாகியின் பெயரிலேயே பட்டாவாகி இருப்பதைக் கண்டுபிடிக்கும் பேரனுக்கு, எத்தனை ஆண்டு ஆகியிருந்தாலும் அந்த வாசல் திறந்தே இருக்கிறது. நிலம் மூன்றாவது ஆள் ஒருவருக்கு முழு விலைக்கு விற்கப்பட்டிருந்தால் மட்டும் நிலைமை வேறு. வாங்கியவர்களுக்குக் காலக்கெடு ஓட ஆரம்பித்துவிடும். அப்படியொன்று தெரியவந்தால் முதலில் வில்லங்கச் சான்றிதழ் எடுத்து, கடைசியாகக் கைமாறிய தேதியைப் பாருங்கள்.